தகப்பன் கையெழுத்து

"உங்க பையன் வகுப்புல தூங்கறதை இந்த டிபார்ட்மெண்டே வேடிக்கை பாக்குது" என்றார் துறைத் தலைவர்.

பெரியவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, படிய வாரிய நரை, பிள்ளையால் நொந்துபோன முகம். பார்த்தால் யாரும் எழுந்து நாற்காலி கொடுப்பார்கள்.

பக்கத்தில் கைகட்டி நின்ற பையனுக்கு வயது நாற்பத்தாறு. மீசையில் பாதி வெள்ளை. இருபத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவர்.

ஒரு மழைநாளில் அவர் வண்டி நடுரோட்டில் நின்றுபோனது. ஐம்பது பயணிகளோடு மூன்று மணி நேரம் காத்துக் கிடந்தபின் ஒரு இன்ஜினியர் வந்தார். குனிந்தார், ஓரிடத்தில் ஒரு தட்டுத் தட்டினார், வண்டி கிளம்பிவிட்டது. பயணிகள் கைதட்டினார்கள். இத்தனை வருஷத்தில் தனக்கு ஒரு ஆள் கைதட்டியதில்லையே என்று டிரைவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஸ்டியரிங்கை விட்டுவிட்டு மெக்கானிக்கல் இன்ஜினியரிங்கில் சேர்ந்துவிட்டார்.

வீட்டம்மா தடுக்கவில்லை. பாதியில் விட்டுவிட்டு வந்து நின்றால் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவேன் என்று மட்டும் சொன்னாள். சொன்னால் செய்கிறவள்.

படிப்பு ஏறத்தான் செய்தது. தூக்கம்தான் கெடுத்தது. முதல் டிரிப்புக்கு எழுந்து பழகிய உடம்பு விடியுமுன்னே விழித்துக்கொள்ளும். பதினொரு மணி வகுப்பில் பெஞ்சில் சாய்ந்துவிடும். அந்தக் கல்லூரியில் தூங்கினவருக்கும் வராதவருக்கும் ஒரே குறிதான். வருகைப்பதிவு அறுபத்தொரு சதவீதத்தில் வந்து நின்றது. பெற்றோர் நேரில் வந்து உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போடவேண்டும். இல்லாவிட்டால் பரீட்சை கிடையாது, வருஷம் போச்சு.

பெற்றவர்கள் போய்ச்சேர்ந்து பத்து வருஷம் ஆகிறது என்று அலுவலகத்தில் சொல்லிப் பார்த்தார். பெண்டாட்டியைக் கூட்டி வரட்டுமா என்றும் கெஞ்சினார். விதியில் பெற்றோர் என்று இருக்கிறது, செத்தவர்களுக்கு விலக்கு என்று இல்லை, பெண்டாட்டி பேச்சே இல்லை என்று சொல்லி குமாஸ்தா ஜன்னலைச் சாத்திவிட்டார்.

வகுப்புத் தோழர்கள்தான் யோசனை சொன்னார்கள். பின்தெருவில் இஸ்திரிக் கடை வைத்திருக்கும் பெரியவருக்கு எழுபத்திரண்டு வயது, நாற்பத்தாறு வயதுப் பிள்ளைக்குக் கச்சிதமாகப் பொருந்தும் என்று கணக்குப் போட்டு அழைத்துப் போனார்கள். அப்பாவாக வரவேண்டும் என்றதும் மனிதர் ஆச்சரியப்படவே இல்லை. இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்பா அழணுமா, அதட்டணுமா?"

ரெண்டிலும் கொஞ்சம் என்றார் டிரைவர். பெரியவர் தேய்த்து அடுக்கியிருந்த துணிகளிலிருந்து தன் அளவுக்கு ஒரு வெள்ளைச் சட்டையை உருவி மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இப்போது துறைத் தலைவர் அறையில் அதட்டல் முடிந்து அழுகை ஆரம்பமாகியிருந்தது. அதட்டும்போதே டிரைவரின் காதைப் பிடித்து ஒரு திருகு திருகியிருந்தார் பெரியவர். பேசி வைத்ததில் அது கிடையாது. "உங்கம்மா உன்னை எப்படிடா வளத்தா" என்று தொடங்கி, அவர் விக்கி விக்கி அழுத அழுகையில் டிரைவருக்கே தாய் ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது.

துறைத் தலைவர் மட்டும் கலங்கவில்லை. அதே கல்லூரியில் படித்து, அங்கேயே வாத்தியாராகி, தலைவராகவும் ஆனவர். அந்த இடத்தின் சந்துபொந்தெல்லாம் அறிந்தவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பெரியவரின் முகத்தைப் பார்த்தார். சட்டையைப் பார்த்தார். மறுபடியும் முகத்தைப் பார்த்தார்.

வாத்தியார்கள் வீட்டுத் துணியும் பின்தெருவுக்குத்தான் போகிறது என்பது டிரைவருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆள்மாறாட்டம் என்று தெரிந்தால் பரீட்சை என்ன, சீட்டையே கிழித்துவிடுவார்கள். அப்புறம் வீட்டில் ஆயுசுக்கும் கச்சேரிதான்.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க, பெரியவரே?"

"எண்ணிப் பாத்ததில்லீங்க" என்றார் பெரியவர், விசும்பல் குறையாமல்.

துறைத் தலைவர் படிவத்தை அவர் பக்கம் தள்ளினார். பெரியவர் கையெழுத்துப் போட்டதும் தானும் போட்டு, முத்திரை குத்தி, டிரைவரிடம் நீட்டினார். இனிமேல் பதினொரு மணி வகுப்பை நின்றுகொண்டே கேட்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டார்.

போன உயிர் திரும்பி வந்தது டிரைவருக்கு. வாங்கப்பா என்று பெரியவரின் கையைப் பிடித்தார்.

"நீங்க கிளாசுக்குப் போங்க. அப்பா கொஞ்சம் இருக்கட்டும்."

வந்த உயிர் மறுபடியும் போனது. டிரைவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வெளியேறினார்.

துறைத் தலைவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பெரியவருக்கு எதிரே உட்கார்ந்தார். பிறகு குறைப்பட்டுக்கொள்ளும் குரலில் மெதுவாகச் சொன்னார்:

"முப்பது வருஷத்துக்கு முன்னால எனக்குக் கையெழுத்துப் போட வந்தப்ப நீங்க இவ்வளவு அழலியேப்பா."