மிதுனன் வாங்கப்போகும் மான் துவக்கு

"லீவரை இழுத்திழுத்துச் சுடுற உந்தப் பழைய துவக்கை வாங்கினியோ, நான் உன்ர வாசல்படி மிதிக்கமாட்டன்! துவக்கு வைச்சிருக்கிறவனுக்கு ஆரடா பொம்பிளை குடுப்பினம்?"

வோபர்னில் தன் வீட்டில் நின்று பேபி அன்ரி போட்ட சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்டது. மகனுக்குப் பிக்கரிங் ஊரில் ஒரு பெண்ணைப் பேசிவைத்திருக்கிறா. அந்த மகன் மிதுனனோ மான் வேட்டைக்குப் போகிறானாம்.

"மான் சுடத்தானே, அம்மா?"

"ஸ்ரௌவ்வில் ஊரில தனியா வீடெடுத்து இருந்து முட்டை பொரிக்கவே பஞ்சிப்படுற சோம்பேறி நீ. மானை ஆர் உரிக்கிறது?"

அவன் சிரித்தான். அன்ரிக்குக் கோபம் ஏறிவிட்டது.

"சிரியடா! துவக்கு லைசன்ஸ் எடுக்க, கூட வாழுற பொம்பிளையும் கையெழுத்து வைக்கவேணுமாம். விசாரிச்சிட்டன். இந்த மாசமே உனக்குக் கலியாணம். வாறவள் கையெழுத்து வைக்கமாட்டாள், பார்!"

"அவள் வைச்சிட்டாள், அம்மா. லைசன்ஸ் போன மாசமே வந்திட்டுது."

"எவளடா?"

தையில் மிதுனன், கையெழுத்து வைத்த துர்க்காவைக் கட்டினான். பிக்கரிங் பெண் வேறிடத்தில் கட்டிக் கல்கரிக்குப் போய்விட்டாள். தனியாகக் கிடக்கிற பிள்ளை என்று பேபி அன்ரி கிழமைதோறும் அனுப்பிய கறி, மூன்று வருசமாக இரண்டு பேருக்குப் போதுமாக இருந்திருக்கிறது.