பள்ளத்துக் கொட்டகைகள்

“பதினோரு மணி டவுன் பஸ்ஸும் வந்துட்டுப் போயிடுச்சு சார். இனிமே யாரும் வர மாட்டாங்க, ஆரம்பிச்சிடலாம்” என்றார் மண்டபத்துக்காரர்.

காட்டுமன்னார்கோயிலில் ஒரு கல்யாண மண்டபம். குழாய் போகும் வழியில் நிலம் வைத்திருப்பவர்கள் பல ஊர்களிலிருந்தும் வந்திருந்தார்கள். மேடையில் திட்ட அதிகாரி ஸ்ரீதர். பக்கத்தில், தடம் வரைந்த பொறியாளர் கதிரவன்.

கதிரவன் திரையில் சிவப்புக் கோட்டைக் காட்டிப் பேசினான். கடலூர் ஆலைகளின் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்து, அழுத்தி, குழாய் வழியே கொண்டுவந்து, தெற்கே பூமிக்கு அடியில் அடைத்து வைக்கும் திட்டம் அது. கசிந்தால் என்ன ஆகும் என்று ஒருவர் கேட்டார். நிறமும் வாசனையும் கிடையாது, காற்றைவிடக் கனம், பள்ளத்தில் போய்த் தேங்கும் என்றான். அங்கே இருப்பவர்களுக்கு மூச்சு முட்டும். அதனால்தான் குடியிருப்புகளை விட்டு விலகியே கோடு போகிறது.

“இவரு சிதம்பரம் டவுன்காரரு. நெல்லு எது, கோரை எதுன்னு தெரியாது. ஆனா கோடு போட்டா கரெக்டா இருக்கும்” என்றார் ஸ்ரீதர்.

எல்லோரும் சிரித்தார்கள். கதிரவனும் சிரித்தான்.

கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். பதினோரு மணி பஸ்ஸில் வந்தவள். பெயர் தைலம்மாள் என்றாள். ஓடைத்தெரு. அந்தத் தெருவுக்கு அழைப்பு வரவில்லை, கேள்விப்பட்டு வந்திருக்கிறாள்.

“எங்க தெரு பள்ளத்துல இருக்குதுங்க சார். மழ பேஞ்சா ஊர்த் தண்ணியெல்லாம் எங்ககிட்டதான் வரும். கோடு எங்க வூட்டு ஓரமா போவுது.”

ஸ்ரீதர் கதிரவனைப் பார்த்தார். அவன் மடிக்கணினியைவிட்டுத் தலை தூக்கவில்லை. திரையில் ஓடைப் புறம்போக்கு பெரிதானது. நடுவே சின்னச் சின்னச் சதுரங்கள்.

“அது குடியிருப்பு இல்ல சார். மாட்டுக் கொட்டகைங்க.”

“நேர்ல பாத்தீங்கல்ல?”

“பாத்தேன் சார்.”

ஸ்ரீதருக்கும் நினைவிருந்தது. இடம் பார்க்கப் போன அன்று அவரும் ஜீப்பில் இருந்தார். ஓடைக் கரைக்கு அந்தப் பக்கம் சேறு, வண்டி இறங்காது, நீங்கள் இருங்கள் என்று கதிரவன் மட்டும் போனான். சீக்கிரமே திரும்பிவிட்டான்.

அவர் அந்தப் பெண்ணிடம் பொறுமையாகவே சொன்னார். வீடு என்றால் கோட்டை வளைக்க வேண்டும், வளைத்தே தீருவோம். ஆனால் இன்று எழுதுவது சென்னைக்குப் போய்விடும். அப்புறம் மாற்ற முடியாது.

அவள் கதிரவனைப் பார்த்தாள்.

“நல்லா பாத்துச் சொல்லுங்க சார்.”

குரலில் கோபம் இல்லை. கெஞ்சலும் இல்லை.

“பாத்தாச்சும்மா” என்றான் கதிரவன். தண்ணீர் பாட்டிலைத் திறந்தான். குடிக்காமல் மூடினான்.

முன்வரிசையில் ஒருவர் திரும்பினார். “பட்டா இருக்குதாம்மா? பொறம்போக்குல குந்திக்கிட்டு ஊருக்கு வர்ற திட்டத்த மறிக்கிற.”

அவள் கதிரவனையே பார்த்தபடி நின்றாள்.

“ஏம்மா, தெருவே இருக்குதுன்னா இன்னும் நாலு பேரு வந்திருப்பாங்களே?” என்று கேட்டார் ஸ்ரீதர்.

“எல்லாம் வரேன்னுதான் சார் கெளம்புனாங்க. நாந்தான் யாரும் வர வேணான்னு நிறுத்திட்டேன்.”

“ஏன்?”

அவள் புடவைத் தலைப்பை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

“சாரே சரியாச் சொல்லிடுவாருன்னு நெனச்சேன்.”

மண்டபத்தில் மின்விசிறிகள் சுற்றின. கதிரவன் சதுரங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். ஓரத்தில் இருந்த சதுரத்தின் மேல் அம்புக்குறி நின்றது. அதைச் சட்டென்று நகர்த்தினான்.

ஸ்ரீதர் பேனாவை எடுத்தார். “அப்ப கொட்டகைன்னே எழுதிடறேன். சரிதானே கதிரவன்?”

கதிரவன் தலையாட்டினான்.

தைலம்மாள் நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வந்தாள். மேடைக்குக் கீழே, அவனுக்கு நேராக நின்றாள். அவன் நிமிரும்வரை காத்திருந்தாள்.

“ஏண்டா தம்பி, மாட்டுக் கொட்டாயிலேருந்தாடா இந்த அக்கா கையப் புடிச்சிக்கிட்டு நீ பள்ளிக்கூடம் போன?”