பொறுப்பு மாற்றம்

பணிநீக்கம் செய்யப்பட்ட ஜெசிந்தாவின் நுழைவுக் கணக்கை நிர்வாகி மங்கையர்க்கரசி காலையில் நீக்கினாள். அலுவலகம் முதல் மகள் படிக்கும் பள்ளி வரை எல்லாக் கதவுகளுக்கும் அந்த ஒரு கணக்குதான். "இவர் பொறுப்பிலுள்ளவை இனி யாருக்கு?" என்று திரை கேட்டது. கோப்புகள்தானே என்று தன் பெயரையே இட்டாள்.

மாலையில் பள்ளியிலிருந்து அழைத்தார்கள். "மேடம், ஜெசிந்தாவோட பொண்ணு இப்ப உங்க பொறுப்புன்னு காட்டுது. அவங்கம்மா வெளியதான் நிக்கிறாங்க, ஆனா அவங்களுக்கு கேட் திறக்கல. நீங்கதான் வந்து பிள்ளையக் கூட்டிட்டுப் போகணும்."

மங்கையர்க்கரசி விரல் வைத்ததும் கதவு திறந்தது. சிறுமியைக் கைப்பிடித்து அழைத்துவந்து தாயிடம் ஒப்படைத்தாள்.

"எல்லாம் இந்த மெஷின் பண்ற கூத்து மேடம்" என்று ஜெசிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நல்லவேளை, நீங்களாவது மனுஷியா இருந்தீங்க."

"ஆமா, மெஷின்தான்" என்றாள் மங்கையர்க்கரசி.