அடுப்படியில் யார்?

“மஞ்சள்னு சொல்லு. வேற எதையாவது உளறித் தொலைக்காதே.”

குமாஸ்தா ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார். எதிரே கையுறைகளைக் கழற்றி இடுப்பில் செருகியபடி நின்றிருந்தாள் பளிங்கு. ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான்கள் கழுவுகிறவள். அவள் கழுவினால் கண்ணாடி இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. அதனால் வந்த பெயர்.

“எதைப் பார்த்துண்ணே மஞ்சள்னு சொல்றது?”

“சார் உன்னை மைக்ராஸ்கோப்புல கண்ணை வைக்கச் சொல்வார். என்ன நிறம்னு கேட்பார். உதவியாளர் வேலைக்கு வந்த முந்தின ரெண்டு பேர்கிட்டயும் அதைத்தான் கேட்டார். சாருக்கு மஞ்சள் வரணும்னுதான் ஆசை, அதனால ரெண்டு பேருக்கும் நான்தான் அந்த விடையைச் சொல்லி அனுப்பினேன். ரெண்டு பேரும் வேலையில சேர்ந்துட்டாங்க.”

“காப்பி அடிக்கச் சொல்றீங்க.”

“வந்துட்டா பெரிய நீதிமான். உன் கையைப் பாரு முதல்ல.”

பார்த்தாள். பன்னிரண்டு வருட அமிலம். கையுறை போட்டும் விரல் இடுக்கெல்லாம் வெடித்துக் கிடந்தது. இந்த வேலை கிடைத்தால் கழுவுதொட்டியைத் தலைமுழுகிவிடலாம். கிடைக்காவிட்டால் தோல் தீர்ந்து எலும்பால் தேய்க்க வேண்டியதுதான்.

உள்ளறையில், உச்சி வெயில் நேரத்திலும் ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடி வைத்திருந்தார்கள். மைக்ராஸ்கோப் பக்கத்தில் சார் உட்கார்ந்திருந்தார்.

“உட்காருங்கம்மா. என்ன பார்க்கப் போறீங்கன்னு தெரியுமா?”

“கண்ணாடித் தகடு மட்டும்தான் சார் தெரியும். அதுமேல என்ன வைக்கிறீங்கன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.”

“மனுஷத் தோல்லேர்ந்து எடுத்த செல். ஒவ்வொண்ணும் ஒரு வீடுன்னு வெச்சுக்கங்க. வீட்டுக்குள்ள ஆயிரக்கணக்கான வேலையாளுங்க. நொதின்னு பேரு. அவங்க இல்லேன்னா நாம சாப்பிட்டது சாப்பிட்டபடியே கிடக்கும். அதுல ஒருத்தன் எந்த அறையில இருந்து வேலை செய்யறான்னு தேடறேன். அவனுக்குப் பச்சையா ஒளிர்ற சாயம் பூசியிருக்கு. அடுப்படிக்குச் சிவப்பு.”

“செல்லுக்குள்ள அடுப்படியா?”

“எரிச்சு சக்தி எடுக்கற இடம். நம்ம ஆளு அடுப்படிக்குள்ள இருந்தா, பச்சை வெளிச்சமும் சிவப்பு வெளிச்சமும் ஒண்ணுமேல ஒண்ணு விழுந்து மஞ்சளாத் தெரியும்.”

குமாஸ்தா சொன்னதன் அர்த்தம் இப்போது புரிந்தது. பளிங்கு உட்கார்ந்து, குனிந்து கண்ணை வைத்தாள்.

கண்ணை எடுக்கவே மனம் வரவில்லை.

தகட்டில் ஒன்றுமே இல்லாமல் துடைத்துத் தருவதுதான் அவள் வேலை. அந்த ஒன்றுமில்லாத தகட்டில் ஓர் ஊரே விளக்கேற்றி உட்கார்ந்திருந்தது. வீடு வீடாக. எந்த வீடும் சும்மா இல்லை.

“இதெல்லாம் எல்லார் உடம்புலயும் இருக்கா சார்?”

“உங்க வெடிச்ச விரல்லயும் இருக்கு.”

“ஒரு விரல்ல எத்தனை வீடு?”

“கோடிக்கணக்குல.”

இருட்டில் அவள் தன் கையைத் தூக்கிப் பார்த்தாள். தெரியவில்லை. இருந்தாலும் அதை மெதுவாக, தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல மடியில் வைத்தாள்.

“இவ்வளவு பேரை உள்ளே வெச்சுக்கிட்டா நான் தனியாளா கஷ்டப்படறேன்னு புலம்பறேன்? அவங்களுக்கு லீவு உண்டா சார்?”

சார் சிரித்தார். பிறகு சிரிப்பில்லாமல் கேட்டார். “சொல்லுங்க. என்ன நிறம்?”

தேடினாள். மஞ்சள் இல்லை. மருந்துக்குக்கூட இல்லை. நாக்கு நுனிவரை வந்து நின்றது அந்த ஒரு சொல். சொன்னால் வேலை. விரல் இடுக்கு எரிந்தது. இப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டே எப்படிப் புளுகுவது?

“மஞ்சள் இல்ல சார்.”

“நல்லாப் பாருங்க.”

“பார்த்துட்டேன்.”

“ஒரு ஓரத்துலகூடவா இல்ல?”

“சிவப்பு நூல் நூலாச் சிக்குப் போட்டுக் கிடக்கு. பச்சை பொடிப்பொடியா, சிவப்பைத் தொடாம, இடுக்குல தனியா உட்கார்ந்திருக்கு. உங்க ஆளு அடுப்படிப் பக்கமே போகல.”

சார் தகட்டை மாற்றினார். அதையே சொன்னாள். இன்னொன்றை வைத்தார். அதற்கும் அதையே சொன்னாள். நாலாவது தகட்டை எடுக்கப்போன கை பாதியில் நின்றது.

“ஏழு வருஷமா அவன் அடுப்படியில இருக்கான்னு எழுதிக்கிட்டிருக்கேன்.” அவர் கையை இழுத்துக்கொண்டார். “அதை நம்பி எத்தனையோ பேர் அவனை அங்க தேடிக்கிட்டிருக்காங்க.”

அவ்வளவுதான், போச்சு என்று நினைத்துக்கொண்டாள் பளிங்கு. எழுந்து இடுப்பிலிருந்த கையுறைகளை உருவினாள்.

“தொட்டி நிறைய சாமான் கிடக்கு. நான் போறேன் சார்.”

“உட்காருங்கம்மா. நாளையிலேர்ந்து இது உங்க நாற்காலி.”

“எனக்கா? உங்க பரீட்சையில நான் தப்பாத்தானே சொன்னேன்?”

“பரீட்சையா?” சார் மைக்ராஸ்கோப் விளக்கை அணைத்தார். “விடை தெரிஞ்சவன்தானேம்மா பரீட்சை வைக்க முடியும்? முந்தின ரெண்டு பேரும் மஞ்சள்னு சொன்னதை நம்பித்தான் எழுதினேன். எனக்குப் பிறந்ததிலேர்ந்தே பச்சையும் சிவப்பும் ஒரே நிறம்.”