ஏழு மணிச் சங்கு

பதினோரு மாதமாக வாய் திறக்காமல் கிடந்த ஃபேக்டரிச் சங்கு அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு ஊதியது.

தேயிலை அடிமாட்டு விலைக்குப் போய் எஸ்டேட்டை மூடியபிறகு, லைன் வீட்டுப் பெண்கள் கேத்தி பக்கம் கேரட் பிடுங்கப் போய்க்கொண்டிருந்தார்கள். சங்கு கேட்டபோது அவர்களை ஏற்றிக்கொண்டு ஜீப் கிளம்பியிருந்தது. நிறுத்தச் சொல்லிக்கூடக் கத்தவில்லை, குதித்துவிட்டார்கள். வீட்டுக்கு ஓடி, மூலையில் கிடந்த கூடையைத் தட்டி எடுத்து, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, அரை மணி நேரத்தில் நாற்பது பேர் ஃபேக்டரி கேட்டில் பெரட்டுக்கு நின்றார்கள்.

பெரட்டு என்றால் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற வரிசை. சிலோனிலிருந்து வரும்போது கையோடு கொண்டுவந்த வார்த்தை. சங்கு ஊதினால் பெரட்டு, பெரட்டு நின்றால் வேலை. வேறு மாதிரி யோசிக்க அவர்களுக்குத் தெரியாது.

கேட் திறக்கவில்லை. வாட்ச்மேன் சுடலை மட்டும் உள்ளேயிருந்து வந்தார். அறுபதை நெருங்குகிற மனிதர்.

"வேலை இல்லம்மா. சுவிட்ச்ல கை தவறிப் பட்டிருச்சு," என்றார்.

வீரம்மாதான் ஆரம்பித்தாள்.

"கை தவறிருச்சா? காலங்காத்தால குடிச்சிட்டு எங்க வயித்துல விளையாடுறியா?"

கூடையைத் தூக்கி அவர் காலடியில் எறிந்தாள். அவர் அதைக் குனிந்து எடுத்து, மண்ணைத் தட்டித் திருப்பிக் கொடுத்தார். அது அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

அன்றைக்குக் கேரட் பிடுங்க ஆளில்லாமல் போனதில் தோட்டக்காரருக்குக் கோபம். மறுநாளிலிருந்து ஜீப் வேறு ஊருக்குப் போனது. இருந்த கூலி வேலையும் போயிற்று.

வீரம்மாவின் மகன் சுரேந்திரன் பி.காம். படித்துவிட்டு இரண்டு வருடமாகச் சும்மா இருப்பவன். குன்னூர் பிரவுசிங் சென்டரில் நாள் முழுக்கத் துப்பாக்கி விளையாட்டு விளையாடுகிறான் என்று லைனில் பேச்சு. அவன் விளையாடவில்லை. அந்த விளையாட்டில் வரும் சிப்பாய் பொம்மைகளை வைத்து, மூடிப்போன எஸ்டேட்டைப் பற்றி ஒரு குறும்படம் எடுத்துக்கொண்டிருந்தான். கோயமுத்தூர் அனிமேஷன் கம்பெனி ஒன்று ஊட்டியில் குறும்படப் போட்டி வைத்திருந்தது. முதல் பரிசு வாங்குகிறவருக்குக் கம்பெனியிலேயே வேலை.

அன்று சாயங்காலம் அவன் வீடு வந்ததும் அம்மா நடந்ததைச் சொல்லிச் சொல்லி அழுதாள். அந்த வாட்ச்மேன்மேல் எஸ்டேட் கம்பெனிக்கு மனு போட வேண்டும், நீதான் எழுத வேண்டும் என்றாள்.

"விடும்மா. பாவம், தெரியாம நடந்திருக்கும்."

"யாரு பாவம்? அவனா, நாங்களா?"

லைனில் மனு எழுதத் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான், எழுதினான். அம்மா சொன்னபடி 'குடிபோதையில்' என்றும் சேர்த்தான். நாற்பது பேரும் கைநாட்டும் கையெழுத்துமாகப் போட்டார்கள்.

அடுத்த வாரமே சுடலையை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். இந்த வயதில் ஊட்டி காந்தலில் யார் வீட்டிலோ ஒண்டிக்கொண்டு, மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார் என்று கேள்வி. நல்லா வேணும் என்றாள் வீரம்மா.

இரண்டு மாதம் கழித்து ஊட்டி மண்டபத்தில் படம் ஓடியது. வீரம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

விளையாட்டில் பெண் பொம்மையே கிடையாது. சிப்பாய்களுக்கே சேலை நிறம் பூசியிருந்தான். குண்டுக்குப் பயந்து குனிகிற அசைவைக் கொழுந்து பறிக்கிற அசைவாக்கியிருந்தான். கையிலிருந்த துப்பாக்கியை மட்டும் எடுக்க வழியில்லாமல் தோளுக்குமேல் காட்டியே சமாளித்திருந்தான். முதலில் கேலியாகச் சிரித்த கூட்டம் போகப் போக அடங்கிவிட்டது.

கடைசிக் காட்சி. பூட்டிய கேட்டுக்கு முன்னால் பொம்மைகள் வரிசையாக நிற்க, சங்கு ஊதியது.

வீரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். முப்பது வருடம் கேட்ட சங்கு, ஊரில் வேறெந்தச் சங்கும் அப்படி இழுத்து ஓயாது. அது எப்படி இங்கே வந்தது என்று அவள் யோசிப்பதற்குள் திரை இருண்டது.

பிரவுசிங் சென்டரின் ஓட்டை ஹெட்போனில் சுரேந்திரனுக்கு அந்த இடத்தில் வெறும் இரைச்சல்தான் கேட்டிருந்தது. மண்டபத்து ஸ்பீக்கரில் ஒரு குரலும் கேட்டது. சுடலையின் குரல்.

"பதிவாயிருச்சா தம்பி? இதுலயாவது ஒனக்கு வேலை கெடைக்கட்டும். சனம் வர்றதுக்குள்ள நீ பின்பக்கமா போயிரு. கேட்டா, கை தவறிப் பட்டிருச்சுன்னு நான் சொல்லிக்கிறேன்."

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது.

அனிமேஷன் கம்பெனிக்காரர் சில்வஸ்டர் மைக்கை வாங்கி, இந்தப் படத்துக்குத்தான் முதல் பரிசு என்றார். சுரேந்திரனை மேடைக்குக் கூப்பிட்டுத் தோளில் கைபோட்டுக்கொண்டார்.

"படம் நல்லா இருக்கு தம்பி. ஆனா அந்தக் கடைசி வசனம் இருக்கு பாருங்க, என்னை உலுக்கிருச்சு. அது யாரோடது?"

சுரேந்திரன் முன்வரிசையைப் பார்த்தான். அம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் எழுதினதுதானுங்க சார்," என்றான்.