பெயர் எழுதுகிற பக்கம்

உபைத் பாய் சிடியை வாங்கி கீழ்ப்பக்கத்தை ட்யூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"சீக்கிரம் போடுங்க பாய். பதினொண்ணரைக்கு விசாரணை," என்றேன்.

"இரும்மா. பாக்காம உள்ள வுட்டா என் மெஷின் போயிடும்."

சைதாப்பேட்டை கோர்ட்டுக்குப் பின்சந்தில் ஜெராக்ஸ் கடை அவருடையது. சிடி ஓடுகிற கம்ப்யூட்டர் இந்தப் பக்கம் அவரிடம் மட்டும்தான் மிச்சம்.

சிடியில் இருப்பது எங்கள் தெரு. வெள்ளத்துக்கு முந்தின வருஷம், கதவுகளில் கணக்கெடுப்பு நம்பர் எழுத ஆட்கள் வந்தார்கள். கல்யாண வீடியோ எடுக்கிற தனபாலன் அண்ணன் கேமராவோடு கூடவே போய், தெருமுனையிலிருந்து ஆறு வரைக்கும் ஒவ்வொரு வீடாகப் பிடித்தார். கடைசி வீடு எங்களுடையது. வெள்ளம் அதைக் கொண்டுபோய்விட்டது.

அப்படி ஒரு வீடே இருந்ததில்லை, அதனால் மாற்று வீடு கிடையாது என்கிறார்கள் இப்போது அதிகாரிகள். இருந்தது என்று சொல்ல இந்த ஒரு தட்டுதான்.

அம்மா அதை, வெள்ளத்தன்று கையோடு தூக்கி வந்த பட்டுப்புடவை மடிப்புக்குள் வைத்திருந்தாள். அது பரவாயில்லை. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு வெளியே எடுத்து, தையல் மெஷினுக்கும் அரிவாள்மனைக்கும் வைக்கிற மாதிரி அதற்கும் சந்தனம் குழைத்துக் குங்குமப் பொட்டு வைத்திருக்கிறாள். ஒன்றின்மேல் ஒன்றாகப் பத்து வருஷப் பொட்டு. ஓரத்தில் காய்ந்து, ஓடு மாதிரி.

காலையில் பார்த்ததும் கத்தினேன்.

"இன்னாம்மா, சாமி படமா இது? உன்ன மாதிரி ஆளுங்களாலதான் நாம இப்டியே கீறோம்."

பஸ்ஸில் கத்தினேன். இந்தக் கடைப் படியேறும்போதும் கத்தினேன்.

நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். சிடியை எப்படித் துடைப்பது என்று எனக்குத் தெரியும். ஓரத்தை மட்டும் பிடிக்க வேண்டும். மெத்தென்ற துணி. நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராக இழுக்க வேண்டும், வட்டமாகத் தேய்க்கவே கூடாது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அம்மா வாசலில் நிற்க நிற்க, அரை மணி நேரம் சுத்தம் பண்ணினேன்.

"பளபளன்னு கீது," என்றார் உபைத் பாய். "ஒரு கீறல் இல்ல."

அம்மாவை ஒரு பார்வை பார்த்தேன்.

அவர் சிடியைத் திருப்பி ட்யூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். ஓரத்தில், ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு, ட்யூப்லைட் வெளிச்சம் அப்படியே இந்தப் பக்கம் வந்தது.

சிடியை உள்ளே தள்ளினார். மெஷின் கொஞ்ச நேரம் முனகியது. பிறகு தெரு வந்தது. முனைக் கடை. குழாயடி. மாசிலாமணி மாமா வீடு. வசந்தி அக்கா வீட்டு நீலக் கதவு, அதில் ஒரு கை நம்பர் எழுதுகிறது.

அந்தக் கை அப்படியே நின்றது.

"அடுத்தது நம்முது," என்று அம்மா திரையைத் தொட்டாள்.

கை நகரவில்லை. உபைத் பாய் மூன்று தடவை முதலிலிருந்து ஓட்டினார். மூன்று தடவையும் நீலக் கதவு.

"கடைசியா எடுத்தது ஓரத்துலதான் இருக்கும்மா. அங்கதான் போயிருக்கு." சிடியை வெளியே எடுத்தார். "எல்லாரும் கீழ்ப்பக்கத்ததான் பாத்துப் பாத்துத் தொடைப்பாங்க. அது வெறும் பிளாஸ்டிக். படம் இருக்கறது பேர் எழுதுற பக்கம், ஒரு பூச்சுக்கு அடியில. பொட்டச் சொரண்டும்போது அந்தப் பூச்சும் பேந்துடுச்சு. பொட்டு பாட்டுக்கு இருந்திருந்தா ஓடியிருக்கும். யாரு சொரண்டினது?"

"நான்தான் பாய்," என்றாள் அம்மா. "பொண்ணு வேணாம்னுதான் சொல்லிச்சு. படிக்காதவ, எனக்கு இன்னா தெரியும்."

அவர் என்னைப் பாவமாகப் பார்த்து, சிடியை நீட்டினார்.

இடது கையால் வாங்கிக்கொண்டேன். வலது கட்டைவிரல் நகத்துக்குள் குங்குமம் இருந்தது.