மேல்பலகை

லுக்யான் உயிரோடு இறங்கினான்.

ரயில் பணிமனை வாசலில் காலையிலிருந்து கால் கடுக்க நின்ற கார்ப்போ, மகனுக்குத் தலை, கை, கால் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்தார். எல்லாம் இருந்தன. வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

கவச ரயில் என்று பெயர்தான் பெரிது. 1919-இல், ரஷ்ய உள்நாட்டுப் போரில், செம்படைக்கு வாய்த்த இரும்புத் தகடு எஞ்சினுக்கே போதவில்லை. வீரர்கள் உட்கார்ந்த பெட்டிகள் எல்லாம் கூரையில்லாத நிலக்கரி வண்டிகள். சுற்றிலும் இரண்டு வரிசைப் பலகை அடித்து, நடுவில் ஒரு சாண் கனத்துக்கு மணல் கொட்டினால் அதுதான் கவசம். மூன்றாவது பெட்டி கார்ப்போவின் கைவேலை. கமாண்டரிடம் கெஞ்சிக் கூத்தாடி மகனை அதில்தான் ஏற்றிவிட்டிருந்தார்.

கமாண்டர் ட்ரோஹிம் குதித்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"மேஸ்திரி, டோனெட்ஸ் ஆத்துப் பாலத்துல ஒன்பது நாள் சண்டை. உங்க சுவத்துல எத்தனை குண்டு சிக்கிச் செத்துச்சு தெரியுமா? இன்னும் நாலு பெட்டி இருக்கு. அச்சு அசலா இதே மாதிரி செஞ்சு குடுங்க."

கார்ப்போவுக்குப் பெருமை தாங்கவில்லை. பெட்டிக்குள் ஏறினார். வெளிப்பலகை சல்லடையாகியிருந்தாலும் உட்பலகையில் ஒரு கீறல் இல்லை.

உச்சியில் மட்டும் நான்கு ஓட்டைகள். அவற்றின் வழியே வானம் தெரிந்தது.

விரல் முட்டியால் தட்டினார். கீழே கெட்டியான சத்தம். மேலே காலிப் பெட்டியின் சத்தம்.

ஓடுகிற வண்டியின் குலுக்கலில் மணல் இறங்கும். அதனால்தான் மற்ற தச்சர்கள் சுவரின் தலையைத் திறந்தே விட்டிருந்தார்கள். இரண்டு நாளுக்கொரு முறை வீரர்களே நாலு வாளி மணலைக் கொட்டி நிரப்பிக்கொள்வார்கள். கார்ப்போவுக்கு அது அரைகுறை வேலையாகப் பட்டது. வாயைப் பிளந்து நிற்கும் சுவரை அவர் ஆயுசில் செய்ததில்லை. இழைத்த பலகையால் மூடி, நெருக்கமாக ஆணி இறக்கிவிட்டார். அழகு பார்த்து மூடிய பாவி!

"ஸாவா மட்டும் போயிட்டான்," என்றார் பின்னாலேயே ஏறி வந்த கமாண்டர். "நெட்டைக் கொக்கு. சுடுறதுக்கு ஏறுற மேல்படியில உக்காந்தா அவன் தலை உச்சிக்கு வந்துரும். அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? உங்க வேலையில ஒரு குறையும் இல்ல."

குறை இருந்தது. போன மாதம் வண்டி அச்சு ஒன்று கெட்டுப்போனதற்காக ஒரு கடைசல்காரனை நாசகாரன் என்று நீர்த்தொட்டியருகே நிறுத்திச் சுட்டார்கள். தன்னையும் சுடட்டும் என்று நினைத்துக்கொண்டார் கார்ப்போ. ஸாவாவை அவருக்குத் தெரியும். கிளம்பும் அன்று சுவரைத் தட்டிப்பார்த்து, "இதுக்குள்ள குடித்தனமே நடத்தலாம் போல, மேஸ்திரி," என்று சிரித்த பிள்ளை.

"தோழரே..." என்று ஆரம்பித்தார்.

லுக்யான் அவர் முழங்கையைப் பிடித்து அழுத்தினான். வெளியே யாரோ கூப்பிட்டுக் கமாண்டர் இறங்கிப் போகும்வரை விடவில்லை.

"விடுடா. நான் சொல்லியே ஆகணும். மணல் இறங்கிக் கெடக்கு."

"தெரியும்ப்பா."

கார்ப்போ திரும்பினார்.

"ரெண்டாம் நாளே தட்டிப் பாத்துட்டேன். வெளிய சொன்னா உங்களைச் சுட்டுருவாங்கன்னு வாயைத் தொறக்கல." லுக்யான் தரையைப் பார்த்தே பேசினான். "மேல்படி என் இடம்ப்பா. எனக்குப் பயமாயிருந்துச்சு. குளிர்காய்ச்சல்னு பொய் சொல்லி, கீழே அடுப்போரமா இருந்த ஸாவாகிட்ட இடம் மாத்திக்கிட்டேன்."

கார்ப்போ உச்சியிலிருந்த ஓட்டைகளை நிமிர்ந்து பார்த்தார்.

"அவன் ஒண்ணுமே கேக்கல. ஐயோ பாவம், நடுங்கிறியேன்னு கழட்டி..."



மகன் போட்டிருந்த கோட்டைக் கார்ப்போ அப்போதுதான் பார்த்தார். அதன் கைகள் விரல் நுனியையும் தாண்டித் தொங்கின.